லேபர் ரூமிலிருந்து லேபர் ரூமுக்கு

புதிதாகக் கிராம உத்தியோகத்தர் நியமனம் பெற்று மலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, பதிவேடு எழுதுவது எப்படி, முத்திரையை எங்கே குத்துவது, மேலதிகாரி வந்தால் எந்தக் கதிரையைத் துடைத்துப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் உயிரை வாங்கப்போவதில்லை. நான் ஓய்வுபெற்றுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லீக்ஸ் பாத்திதான் இப்போது என் பிரிவு. அங்கே யாரும் என்னிடம் வதிவிடச் சான்றிதழ் கேட்பதில்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரு பிழை. கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, மூன்று பிரதி எடுத்து நான் செய்த பிழை. கேட்டால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். என் முகத்துக்கு எதிரிலேயே ஒரு டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு யார் சிரித்தாலும் எனக்கு உறைப்பதில்லை.

நான் வேலை பார்த்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சின்ன டவுனில். பிறந்து வளர்ந்ததும் அதற்கு மேலே உள்ள தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான். டவுன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பஸ்ஸை வளைத்துத் திருப்ப ஓர் இடம் இருந்தது, அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கடைகள் இருந்தன, அவ்வளவுதான். கடைகளுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் ஆஸ்பத்திரி. பிறகு ஆஸ்பத்திரியை மூடினார்கள். கூரையில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த பாடசாலையை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கட்டில்கள் வெளியே போயின, பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் உள்ளே வந்தன. கதவுகளுக்கு மேலே ஆணியடித்திருந்த இங்கிலீஷ் பலகைகளைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நான் படித்தது அங்கேதான். மூன்றாம் ஆண்டை ஆண்கள் வார்ட்டில் முடித்தேன், நான்காம் ஆண்டைப் பெண்கள் வார்ட்டில். எங்கே படிக்கிறாய் என்று கேட்டால் “ரெண்டாம் வார்ட்டுல” என்று சொல்லும் பிள்ளைகள் நாங்கள். அதிபருக்கு மருந்து கலக்கும் அறை கிடைத்தது. மருந்து கொடுத்த அதே சின்ன ஜன்னல் வழியாகத்தான் அவர் தேர்ச்சி அறிக்கையை நீட்டுவார். பெற்றோர் வெளியே வரிசையில் நிற்பார்கள். என் அப்பா ஒருமுறை பழக்கதோஷத்தில் வெறும் போத்தலை உள்ளே நீட்டிவிட்டார். அதிபரும் பழக்கதோஷத்தில் அதை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசி அறைக்கு மேலே இருந்த பலகையில் ‘லேபர் ரூம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் லேபர் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. லேபர் என்றால் தொழிலாளி, அதாவது நாங்கள். லேபர் லைன் என்றால் எங்கள் லயம். லேபர் டே என்றால் மே தினம். அப்படியானால் லேபர் ரூம் யாருக்குச் சொந்தம்? அதிபரே அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பெற்றோர் யாராவது வந்தால், “லேபர் ரூம்ல போயி ஒக்காருங்க” என்பார். அப்பாமார் கம்பீரமாகப் போய் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். மே தின ஏற்பாட்டுக் கூட்டமும் வருஷாவருஷம் அந்த அறையில்தான். ‘வெள்ளைக்காரனே நமக்குன்னு ஒரு காம்பரா ஒதுக்கியிருக்கான், இன்னைக்கி இருக்கிற தொரைக்கி அந்த மனசு இருக்கா?’ என்று அங்கே ஒருவர் முழங்கியதை ஜன்னலுக்கு வெளியே நின்று நானே கேட்டிருக்கிறேன். அம்மாமார் மட்டும் அந்த அறைக்குள் வரமாட்டார்கள். வாசலோடு நின்று, ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொள்வார்கள். வெற்றிலைச் சாறு வழியாமல் இருக்கத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு பாடசாலைக்குப் பாதையோரத்தில் மாடிக் கட்டடம் கிடைத்தது. மேலே இருந்தது ஆஸ்பத்திரியும் இல்லாமல் பாடசாலையும் இல்லாமல் சும்மா கிடந்தது. நானும் படித்து, ஜி.எஸ்., அதாவது கிராம உத்தியோகத்தர் ஆகி, நாலு இடம் சுற்றி, அதே டவுனுக்கு வந்து சேர்ந்தேன்.

ஒரு வருஷத்து மழையில் மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுவர்கள் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டன. இனிமேல் இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் கடிதம் கொடுத்தார்கள். எங்கே குடியிருக்க வேண்டும் என்பது கடிதத்தில் இல்லை. ஏழு குடும்பங்களை நான்தான் பழைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வைத்தேன். ‘தற்காலிகமாக’ என்று பதிவேட்டில் எழுதினேன். இந்தச் சொல்லை உங்கள் சேவைக்காலத்தில் நிறைய எழுதுவீர்கள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

வார்ட்டுகளை ஆறு குடும்பங்கள் சேலை கட்டி மறைத்துப் பிரித்துக்கொண்டன. லேபர் ரூம் பாக்கியம் அக்காவுக்கு விழுந்தது. கொழுந்து எடுத்து ஓய்ந்தவர், அறுபது தாண்டியவர், தனி ஆள். லயத்திலிருந்து அவர் தூக்கி வந்தது ஓர் அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு சாமிப்படம், சகல பத்திரங்களும் போட்டுச் சுருட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. பையை அறையின் நடுக் கூரையிலிருந்து தொங்கிய இரும்புக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குடியேறிவிட்டார்.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கைவிடப்பட்ட அந்தக் கட்டடத்தை உல்லாசப் பயணிகள் விடுதிக்குக் கொடுக்க உத்தேசம். அங்கே இருப்பவர்களுக்கும் அந்த இடத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? இல்லையென்றால் இரண்டு வாரத்தில் வெளியேற்றப்படுவார்கள். கூடவே ஒரு படிவம். அதில் ‘இடத்தின் வரலாறு’ என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே நான்கு கோடு. ஒரு நூற்றாண்டுக்கு நான்கு கோடு. அறிக்கை மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும். எங்கள் வேலையில் எல்லாக் கடிதமும் போன வாரம் எழுதப்பட்டு, இன்றைக்கு வந்து, நாளைக்குப் பதில் கேட்கும்.

வெளியேற்றினால் அந்த ஏழு குடும்பமும் போகக்கூடிய ஒரே இடம் வெடித்த லயம்தான். அடுத்த மழைக்கு அது நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. தொடர்பு என்ன என்று கேட்டால் நான் என்ன எழுதுவேன்? ‘போக்கிடம் இல்லை’ என்பது தொடர்பாகுமா?

அப்போதுதான் பலகை ஞாபகத்துக்கு வந்தது. கதிரையிலிருந்து துள்ளி எழுந்தேன். நான்கு கோட்டில் இப்படி எழுதினேன்: ‘இக்கட்டடத்தில் ஆங்கிலேயர் காலந்தொட்டே தொழிலாளர்களுக்கென ஓர் அறை நிரந்தரமாக ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கான பெயர்ப்பலகை இன்றும் கதவின் மேல் உள்ளது. தற்போது குடியிருப்போர் அனைவரும் தொழிலாளர் குடும்பங்களே.’ எழுதி முடித்து நானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். அடேயப்பா, சட்டத்தரணி தோற்றார்.

பத்து நாளில் பதில் வந்தது. வெளியேற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது, குழுவொன்று நேரில் வந்து பார்வையிடும். என் அறிக்கையைச் சிங்களத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். ‘கம்கரு காமரய’, தொழிலாளர் அறை. மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. பிழை முழுவதும் மூலத்திலேயே இருந்தது.

செய்தி மேலே போனதும் ஏழு குடும்பமும் பலகையைக் கழுவித் துடைத்தன. சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சூடமும் கொளுத்தினார்கள். குழு வரும் அன்று காலை செவ்வந்திப்பூ மாலை வேறு. நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

பனி மூட்டத்தோடு மூன்று பேர் ஏறி வந்தார்கள். காணி உத்தியோகத்தர் ஒருவர், கல்வி அலுவலகத்திலிருந்து கடைசிவரை வாயே திறக்காத ஒருவர், பழைய ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று சுகாதாரப் பக்கத்திலிருந்து ஓர் இளம் டாக்டரம்மா. மூவரும் சிங்களவர். பேச்சு சிங்களத்தில் நடந்தது, தமிழில் சொல்கிறேன். காணி உத்தியோகத்தர் கையில் என் அறிக்கை. பலகைக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, “இதுதானா அந்த வரலாற்று ஆதாரம்?” என்று மரியாதையாகக் கேட்டார். “இதுதான் சேர்” என்றேன்.

டாக்டரம்மாவும் அண்ணாந்து பார்த்தார். முதலில் இருமல் போல ஒரு சத்தம் வந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனுஷி சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது.

“சேர், இது தொழிலாளர் அறை இல்லை. பிரசவ வலிக்கும் இங்கிலீஷில் லேபர் என்றுதான் பெயர். இது பிள்ளை பெறுகிற அறை!”

சுற்றி நின்றவர்களுக்கு விளங்குமுன் எனக்கு விளங்கிவிட்டது. அப்பாமார் கம்பீரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்ட இடம், மே தினத்துக்கு முழங்கிய இடம், நான் செருப்பைக் கழற்றி வைத்த இடம் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னே வந்து போயின.

“மிஸ்ஸுக்குப் பிள்ளைகள் இல்லையா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இரண்டு பேர் இருக்கிறார்கள்.”

“அப்படியென்றால் இப்படி ஓர் அறைக்குள் போயிருப்பீர்களே!”

“போனேன். அந்த நேரத்தில் யார் அம்மா பலகை வாசிக்கிறது?”

அவருக்கு மறுபடியும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. காணி உத்தியோகத்தருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பலகையை நம்பி அவர் மேலிடத்துக்கு இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தாராம். “மிஸ், இதை நீங்கள்தான் எழுதினீர்களா?” என்று அறிக்கையை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். தப்பிக்க எனக்கு வழி இருந்தது. மொழிபெயர்ப்பில் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மொழிபெயர்த்தவர் அங்கே இல்லை, என் தமிழ் அறிக்கையை வாசிக்க அங்கே வேறு ஆளும் இல்லை. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்து நான் சொல்லும் எதற்கும் பெறுமதி இருக்காது. அடுத்து நான் அந்த ஏழு குடும்பத்துக்காகப் பேசியாக வேண்டியிருந்தது. “நான்தான் சேர் எழுதினேன். என் பிழை” என்றேன். வெட்கம் ஒரு பக்கம், இனி இந்தச் சனங்கள் எங்கே போகும் என்ற பயம் ஒரு பக்கம்.

“அப்படியானால் தொடர்பு எதுவும் இல்லை” என்று அவர் பையிலிருந்து வெளியேற்றப் படிவத்தை எடுத்தார்.

பாக்கியம் அக்கா அந்த நேரம் பார்த்து பிளேன்டீத் தட்டோடு வந்தார். “என்னாங்க ஜி.எஸ். அம்மா, அந்த டாக்டரம்மா எதுக்கு இப்பிடி சிரிக்கிறாங்க?”

“அக்கா, இது தொழிலாளி காம்பரா இல்லையாம். புள்ள பெத்த காம்பராவாம்.”

“அது தெரியும்ங்களே” என்றார் அவர், தட்டை நீட்டியபடியே. “நான் இதுலதாங்க பொறந்தேன். இந்தா, இந்தக் கொக்கியிலதான் அன்னைக்கி லாம்பு தொங்குச்சாம். எங்கம்மா சொல்லும்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா இத்தன வருசம் சும்மா இருந்தீங்க? ஏன் யாருமே சொல்லல?”

“ஆம்பளைங்க வெத்தல போட்டுக்கிட்டு ராசா மாதிரி ஒக்காந்திருக்கிறப்ப எப்பிடிங்க போயி சொல்றது? பொம்பளைங்க எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு சிரிப்போம். அதோட, எங்கள யாருங்க கேட்டா?”

நான் கேட்கவில்லை. அதே லயத்தில் பிறந்தவள், அதே வாசலில் அந்த அம்மாமார் சிரித்ததைப் பார்த்தவள், இரண்டு பெற்றவள், நானே கேட்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற மிதப்பில் பலகையை வாசித்துவிட்டு எழுதிவிட்டேன். அன்றைக்கு டாக்டரம்மாவின் சிரிப்பைவிடப் பாக்கியம் அக்காவின் அந்தக் கேள்விதான் எனக்குச் சுட்டது.

அவர் கொக்கியிலிருந்த பையை இறக்கி, பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். பிறந்த இடம் என்ற கோட்டில் பழைய ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. காணி உத்தியோகத்தர் வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

“அம்மா, ஆஸ்பத்திரியில் பிறந்ததால் ஆஸ்பத்திரி சொந்தமாகிவிடுமா? அப்படிப் பார்த்தால் கண்டி ஆஸ்பத்திரியை எத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுப்பது?”

நான் தமிழில் சொன்னேன். பாக்கியம் அக்கா என் பக்கம் திரும்பினார். “சொந்தம்னு நான் சொல்லலைங்க. கண்டியில பொறந்தவங்களுக்கு அங்கருந்து தூக்கிக்கிட்டுப் போக ஒரு வீடு இருந்திச்சு. எனக்குப் பொறந்த எடமும் இதான், இருக்கிற எடமும் இதான். போற எடம் எதுன்னு ஐயாவையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, போயிடுறேன்.”

அதை நான் சிங்களத்தில் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அரச ஊழியர் குரல் உடையக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

காணி உத்தியோகத்தர் படிவத்தை நிரப்பப் பேனையை எடுத்தார். அதில் உண்மையாகவே அப்படி ஒரு கோடு இருந்தது: ‘வெளியேற்றப்படுவோர் சென்று வசிக்கும் முகவரி’. அதை நிரப்பாமல் படிவம் செல்லாது. லயத்தின் இலக்கத்தை எழுதலாமென்றால், அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று எழுதிய கடிதம் அதே பைலில் குத்தியிருந்தது. அவர் பேனையை டாக்டரம்மாவிடம் நீட்டினார். “எனக்கு வீடுகளைப் பற்றித் தெரியாது” என்று அவர் அதைக் கல்வி அலுவலகத்துக்காரரிடம் கொடுத்தார். அவர் பேனையை ஒரு தரம் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் என்னிடம் கொடுத்தார்.

நான் முதலில் என் அறிக்கையை வாங்கி, ‘தொழிலாளர்களுக்கென ஓர் அறை’ என்று எழுதிய வாக்கியத்தையும் பலகை வாக்கியத்தையும் கோடிட்டு வெட்டினேன். ‘இது பிரசவ அறை. முன்பு எழுதியது என் பிழை. இப்போது இதில் குடியிருப்பவர் இதே அறையில் பிறந்தவர்’ என்று எழுதி ஒப்பமிட்டேன். பிறகு படிவத்தை எடுத்தேன். தற்போதைய முகவரி என்ற இடத்தில், பாக்கியம் அக்கா பெயருக்கு எதிரே, ‘லேபர் ரூம்’ என்று எழுதினேன். சென்று வசிக்கும் முகவரி என்ற இடத்திலும் ‘லேபர் ரூம்’ என்று எழுதினேன். மற்ற ஆறு பெயருக்கும் ‘மேற்படி, மேற்படி’ என்று போட்டுக்கொண்டே போனேன்.

காணி உத்தியோகத்தர் அதை வாங்கி வரிவரியாக வாசித்தார். “மிஸ், இதுவும் பிழையா?” என்று கேட்டார்.

“இல்லை சேர். இது தெரிந்துதான் எழுதினேன்.”

பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையைத் தட்டில் வைத்தார். படிவத்தைச் சுவரில் வைத்து ஒப்பமிட்டார். போகும்போது மாலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

மூன்று வாரத்தில் எனக்குப் பிரதி வந்தது. ‘மேற்படி குடும்பங்கள் லேபர் ரூமிலிருந்து வெளியேற்றப்பட்டு லேபர் ரூமில் குடியமர்த்தப்பட்டுள்ளன. நடவடிக்கை பூர்த்தி. கோப்பு மூடப்படுகிறது.’ எல்லாக் கோடும் நிரம்பியிருந்தது, எல்லா ஒப்பமும் இருந்தது, ஆகவே மேலே யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. வெளியேற்றியாகிவிட்டவர்களை மறுபடியும் வெளியேற்றுவதற்குப் படிவமும் கிடையாது. விடுதி போட வந்தவர் சூடம் கொளுத்திய கரியைப் பார்த்துவிட்டு, இது ஏதோ கோயில் வழக்கு என்று நினைத்து வேறு மலை தேடிப் போனதாகக் கேள்வி.

மூன்று வருஷம் கழித்து, மண் சரியாத பக்கத்தில் அவர்களுக்குத் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பழைய கட்டடத்தின் தகரத்தைக் கழற்றினார்கள். ஆஸ்பத்திரியும் இல்லை, பாடசாலையும் இல்லை, இப்போது அங்கே இருப்பது ஒரு சிமெந்துத் தரையும் மூன்று படியும். கழற்றிய அன்று பாக்கியம் அக்கா ஆணி பிடுங்கும் சாமானோடு போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது இப்போது அவருடைய புது வீட்டு வாசலுக்கு மேலே இருக்கிறது. லயத்தில் இருந்த காலம் முழுவதும் அவருக்கு வந்த கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், யார் யாரோ கையைச் சுற்றித்தான் வந்தன. இப்போது தபால்காரர் நேரே படியேறி, “லேபர் ரூம்!” என்று கூப்பிடுகிறார். “இந்தா வர்றேங்க” என்று அவர் வெளியே வருகிறார்.

அந்தப் பிரிவு உங்களில் யாருக்காவது கிடைக்கும். பழைய பதிவேட்டைத் திறந்தால் பாக்கியம் அக்காவின் பெயருக்கு எதிரே, பிறந்த இடம் என்ற கோட்டில் ‘லேபர் ரூம்’ என்றும், நிரந்தர முகவரி என்ற கோட்டில் ‘லேபர் ரூம்’ என்றும் என் கையெழுத்தில் இருக்கும். சிவப்புப் பேனையை எடுத்துவிடாதீர்கள். இரண்டும் சரி. நம்பிக்கை வராவிட்டால் என்னிடம் வர வேண்டாம், மேலே ஏறிப்போய் அவரைக் கேளுங்கள்.